கரடுமுரடான பாதைக்கு மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். பத்து வருடமாக மேனுவல் கார் ஓட்டிப் பழகியவர் நீங்கள். இப்போது ஒரு ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கப் போகிறீர்கள். மலைப்பாதை, மணல், ஓடை என்று தார்ச்சாலை முடிகிற இடத்துக்கு அப்பாலும் போக ஆசை. ஆட்டோமேட்டிக் காட்டுக்குள் காலை வாரிவிடும், மேனுவல்தான் சரி என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வண்டியை உங்கள் மனைவியும் ஓட்டப் போகிறார், அவருக்கு ஆட்டோமேட்டிக்தான் வசதி. எதை எடுப்பது என்பது கேள்வி. ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஆட்டோமேட்டிக் எடுத்துவிட்டு எங்கேயாவது மாட்டிக்கொண்டு வருத்தப்படுவோமோ என்று. நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். எது உசத்தி என்று சொல்வதைவிட, எது எந்த இடத்தில் கைவிடும் என்று சொன்னால் உங்களுக்கு முடிவெடுக்க எளிதாக இருக்கும்.

கரடுமுரடான தரையில் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். 18 வருடமாக இரண்டு வகை வண்டியிலும் ஆட்களை ஸ்டீயரிங் முன் உட்கார வைத்து, பக்கத்து இருக்கையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாறை, சேறு, செங்குத்தான ஏற்ற இறக்கம், ஓடை இவற்றைப் பற்றி நேரில் பார்த்ததைச் சொல்ல முடியும். பெரிய மணற்குன்றுகளில் நாள்கணக்கில் ஓட்டிய பழக்கம் எனக்குக் குறைவு. அங்கேயே வருடக்கணக்கில் ஓட்டுபவர் யாராவது மணலைப் பற்றி வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் (இன்ஜின் பலத்தை ஆயில் வழியே கியர்பெட்டிக்குக் கடத்தும் வகை) எடுத்தால், உங்களைப் போல் ஆரம்பிக்கும் ஒருவர் போகக்கூடிய இடம் எதுவும் குறைந்துவிடாது. மேனுவல் எடுத்தாலும் கூடிவிடாது. நீங்கள் என்ன தவறு செய்வீர்கள், அதை வண்டி உங்களுக்கு எப்படிக் காட்டும் என்பதுதான் மாறும். மேனுவல் உங்களை ஏற்றத்தில் சோதிக்கும். ஆட்டோமேட்டிக் இறக்கத்தில் சோதிக்கும். மேனுவலில் தவறு செய்தால் வண்டி உடனே சொல்லிவிடும்: ஆஃப் ஆகும், குலுங்கும், கிளட்ச் கருகும் வாசனை வரும். ஆட்டோமேட்டிக் உங்கள் தவறை ரொம்ப நேரம் பொறுத்துக்கொண்டு போகும், அதற்கான விலை உள்ளே ஆயில் சூடாகச் சேர்ந்துகொண்டிருக்கும்.

நண்பர்கள் சொல்வது எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் சொல்வது முழுக்கத் தப்பு இல்லை. 1941-இல் வந்த வில்லிஸ் ஜீப்பில் மூன்று கியர் மேனுவல் பெட்டியும், அதன் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற, பலத்தை முன் பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியும் இருந்தன. அந்தப் பெட்டியில் லோ ரேஞ்ச், அதாவது சக்கரத்தை மெதுவாக, கூடுதல் பலத்தோடு சுற்றவைக்கும் கியர், இருந்தது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் காடு மேடு என்றாலே அந்த அமைப்புதான். 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவருக்கே 1982-இல்தான் ஆட்டோமேட்டிக் கிடைத்தது. அந்தக் காலத்து ஆட்டோமேட்டிக்குகளில் பெரும்பாலும் மூன்று கியர்தான். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தாது, பெட்ரோலைக் குடிக்கும், எந்தக் கியரில் இருக்கிறோம் என்பது ஓட்டுபவர் கையில் பாதிதான் இருக்கும். அதை ஓட்டிப் பார்த்தவர்கள் சொன்ன சொல் இன்னும் புழங்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதே காலத்தில், 1980களின் நடுவில், அமெரிக்க ராணுவம் ஹம்வீயை எடுத்தபோது அதை ஆட்டோமேட்டிக்காகவே எடுத்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு சிப்பாய் கிளட்சைக் கருக்காமல் சேற்றிலும் பாறையிலும் ஓட்டிக்கொண்டு வர வேண்டும் என்றால் அதுதான் வழி. 2020-க்குப் பிறகு வரும் புதிய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் மேனுவலே கிடையாது.

ஒன்றை மட்டும் இங்கேயே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வாங்கும்போது ஏமாறுவது இங்கேதான். ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் நான்கு வேறு வேறு சாதனங்கள் விற்கப்படுகின்றன. டார்க் கன்வெர்ட்டர் கொண்டது ஒன்று. சிவிடி என்கிற, பெல்ட்டோ சங்கிலியோ இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓடும் வகை ஒன்று. இரட்டை கிளட்ச் வகை ஒன்று. மேனுவல் பெட்டியை எடுத்து, அதன் கிளட்சை மோட்டார் வைத்து இயக்கும் ஏஎம்டி ஒன்று. நான் மேலே நல்ல வார்த்தை சொன்னது முதல் வகைக்கு மட்டும்தான். ஏஎம்டியிலும் உலர் கிளட்ச் கொண்ட இரட்டை கிளட்ச் பெட்டியிலும் உள்ளே இருப்பது தேய்கிற கிளட்ச் பிளேட்தான். ஏற்றத்தில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் அந்த பிளேட் நழுவிக்கொண்டே இருக்கும், சூடாகும், கடைசியில் எச்சரிக்கை விளக்கு எரிந்து கம்ப்யூட்டர் வண்டியை நிறுத்தச் சொல்லும். மேனுவலிலாவது உங்கள் கால் அந்த நழுவலை உணரும். இதில் அதுவும் இல்லை. சிவிடி ஈர மண் பாதைக்கும் லேசான பனிக்கும் போதும். ஆனால் நீண்ட செங்குத்து ஏற்றத்திலும் ஆழ மணலிலும் அது சூடேறித் தன் சக்தியைத் தானே குறைத்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் விற்பவரிடம் ஆட்டோமேட்டிக்கா என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்த வகை என்று கேளுங்கள். லோ ரேஞ்ச் இருக்கிறதா என்றும் கேளுங்கள். லோ ரேஞ்ச் இல்லாத வண்டியில் மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்று யோசிப்பதில் பெரிய பயன் இல்லை.

சரி, இரண்டுக்கும் அடிப்படை வித்தியாசத்துக்கு வருவோம். மேனுவலில் இன்ஜினையும் கியர்பெட்டியையும் இணைப்பது உராய்வு. கிளட்சை முழுதாக விட்டுவிட்டால் இரண்டும் ஒரே கம்பி போல ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் எவ்வளவு சுற்றுகிறதோ அதற்கேற்பத்தான் சக்கரம் சுற்றும், நடுவே வேறு எதுவும் இல்லை. டார்க் கன்வெர்ட்டரில் இணைப்பது ஆயில். இன்ஜின் பக்கத்துச் சக்கரம் ஆயிலை வீசும், கியர்பெட்டிப் பக்கத்துச் சக்கரம் அதை வாங்கிக்கொண்டு சுற்றும், நடுவே ஸ்டேட்டர் என்று ஒன்று திரும்பி வரும் ஆயிலைத் திசை மாற்றிக் கொடுக்கும். வண்டி நின்ற நிலையில் இருந்து நகரும் தருணத்தில் இந்த ஏற்பாடு டார்க்கை, அதாவது சுழற்றும் விசையை, சுமார் இரண்டு மடங்காக்கித் தருகிறது. பாறையில் சக்கரம் முட்டிக்கொண்டு நிற்கும் நேரத்தில் அந்த இரண்டு மடங்கு பெரிய வரம். ஆனால் அது இலவசமாகக் கிடைப்பதில்லை. நழுவும் ஆயில் சூடாகும்.

ஒரு கணக்கு சொன்னால் விளங்கும். ஜீப் ராங்ளர் ரூபிகானின் ஜேஎல் என்ற தலைமுறையில் மேனுவல் வண்டியின் முதல் கியர் விகிதம் 5.13. டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்ச் 4. அச்சில் 4.10. மூன்றையும் பெருக்கினால் சுமார் 84 வரும். அதாவது இன்ஜின் 84 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது, நிமிடத்துக்கு 700 சுற்று என்று வைத்துக்கொண்டால், அந்த அளவு டயரில் வண்டி மணிக்கு ஒன்றேகால் கிலோமீட்டர் வேகத்தில், தவழும் குழந்தையைவிட மெதுவாகப் போகும். அதே வண்டியின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கில் முதல் கியர் 4.71, பெருக்கினால் சுமார் 77. காகிதத்தில் மேனுவல்தான் ஜெயிக்கிறது. ஆனால் நகரத் தொடங்கும் நேரத்தில் கன்வெர்ட்டர் தரும் பெருக்கத்தையும் சேர்த்தால் ஆட்டோமேட்டிக் முந்திவிடும். இரண்டில் எது வலிமையானது என்று சண்டை போடுபவர்கள் பெரும்பாலும் இதில் பாதியை மட்டும் பார்க்கிறார்கள். சுஸுகி ஜிம்னி போன்ற சிறிய வண்டியில் லோ ரேஞ்ச் சுமார் 2 தான், மொத்தப் பெருக்கம் 40-ஐக்கூடத் தொடாது. அப்படிப்பட்ட வண்டியில் ஐடிலில் விட்டால் பாறை மேல் போகும் வேகம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். மேனுவல் ஓட்டுபவருக்குக் கிளட்சில் கால் வைக்கத் தோன்றுவது அங்கேதான்.

ஏற்றத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கல்லும் மண்ணுமான ஏற்றத்தில் முதல் முயற்சியில் பாதியில் நின்றுவிட்டேன். இறங்கி வந்து மறுபடி ஏறாமல், நின்ற இடத்திலிருந்தே நகர்த்திவிடலாம் என்று ஹாஃப் கிளட்சில் ஆக்சிலரேட்டரைக் கொடுத்தேன். வண்டி ஒரு முழம் நகரும், நிற்கும். மறுபடி ஒரு முழம். ஐந்தாறு முறை அப்படிச் செய்த பிறகு அந்த வாசனை வந்தது. அப்போதும் விடவில்லை. மேலே போய்ச் சேர்ந்தேன், ஆனால் அதன் பிறகு எந்தக் கியரிலும் இன்ஜின் இரைந்ததே தவிர வண்டி நகரவில்லை. கூட வந்தவர் வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போனோம். மொத்தம் எவ்வளவு நேரம் கிளட்ச் நழுவியிருக்கும் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்காது. நல்ல நிலையில் இருந்த கிளட்ச் ஒரு நிமிடத்தில் போய்விட்டது. அன்று அது ஆட்டோமேட்டிக்காக இருந்திருந்தால் நான் செய்த அதே முட்டாள்தனத்துக்கு ஆயில் கொஞ்சம் சூடாகியிருக்கும், அவ்வளவுதான். பாதி ஏற்றத்தில் நின்று மறுபடி கிளம்புவது, ஒரு பெரிய கல்லின் முன் நின்று வழி பார்த்துவிட்டு மெதுவாக ஏற்றுவது, இந்த மாதிரி வேலைகளில் ஆட்டோமேட்டிக்குக்கு உள்ள மேன்மையில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏற்றத்தில் தோற்றுப்போகும்போது என்ன செய்வது என்பது இன்னும் முக்கியம். வண்டி கவிழ்வது பெரும்பாலும் ஏறும்போது இல்லை, ஏற முடியாமல் திரும்பும்போதுதான். மேனுவலில் ஏற்றத்தின் நடுவே இன்ஜின் ஆஃப் ஆகிவிட்டால் முதல் வேலை கால் பிரேக்கை அழுத்தி அப்படியே பிடிப்பது. விட்டு விட்டு அழுத்தக் கூடாது. இன்ஜின் நின்ற பிறகு பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் பலம் சில அழுத்தல்களுக்குத்தான் வரும். பிறகு ஹேண்ட்பிரேக்கையும் போட்டு, கிளட்சை மிதித்து ரிவர்ஸ் கியர் போட்டு, இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கிளட்சை முழுதாக விட்டுவிட்டு, அதன் பிறகே பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். லோ ரேஞ்ச் ரிவர்ஸ் வண்டியைப் பிடித்துக்கொண்டு நேராகக் கீழே இறக்கும். பழைய வண்டிகளில் கிளட்சை மிதிக்காமலேயே ரிவர்ஸ் கியரில் சாவியைத் திருப்பலாம், ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியைப் பின்னால் நகர்த்தி இன்ஜினையும் உயிர்ப்பித்துவிடும். கால் வேலையே இல்லாத அருமையான முறை அது. இன்றைய வண்டிகள் பெரும்பாலும் கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். டொயோட்டா டகோமாவின் மேனுவல் வண்டிகளில் இதற்காகவே அந்தத் தடையை நீக்கும் பொத்தான் ஒன்று வைத்திருந்தார்கள்.

ஆட்டோமேட்டிக்கில் இதே நிலை எளிது, ஆனால் ஒரு இடத்தில் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வண்டி மேலே போக மறுத்ததும் பிரேக்கை மிதித்து, லிவரை ஆருக்கு (R, ரிவர்ஸ்) மாற்றி, நேராக இறங்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் புதியவர்கள் செய்வது என்னவென்றால், லிவர் டியில் (D, முன்னால் போகும் நிலை) இருக்கும்போதே பிரேக்கை விட்டு வண்டியைப் பின்னால் உருள விடுவது. அல்லது பதற்றத்தில் லிவரை என்னில் (N, நியூட்ரல்) நிறுத்திவிடுவது. என்னில் இருந்தால் பிடிப்பதற்கு எதுவும் இல்லை. டியில் பின்னால் வேகமாக உருண்டால் இன்ஜின் நின்றுபோகக்கூடும், அந்தக் கணமே ஸ்டீயரிங் கல்லாகிவிடும். இன்ஜின் நின்றால் பி (P, பார்க்) அல்லது என்னுக்கு வந்தால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகும் என்பதும் அந்த நேரத்தில் நினைவுக்கு வராது. ஒருமுறை என் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியவர், இருபது வருட அனுபவம் உள்ளவர், இதைச் செய்தார். நான் ஹேண்ட்பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். வண்டி பாதையோடு நேராக இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் கோணலாக இருந்திருந்தால் புரண்டிருக்கும்.

இறக்கத்துக்கு வந்தால் கதை திரும்பிவிடும். மேனுவலில் லோ ரேஞ்ச் முதல் கியரைப் போட்டு இரண்டு கால்களையும் பெடலிலிருந்து எடுத்துவிட்டால், இன்ஜின் வண்டியைக் கழுத்துக் கயிற்றைப் பிடித்த மாதிரி பிடித்துக்கொண்டு இறங்கும். நான்கு சக்கரத்துக்கும் சமமாக, பிரேக் சூடாகாமல், ஒரே வேகத்தில். இதில் செய்யக்கூடாதது ஒன்றே ஒன்று, கிளட்சை மிதிப்பது. சாலையில் பத்து வருடம் ஓட்டியவருக்கு வண்டி வேகமெடுக்கிற மாதிரி தெரிந்தால் பிரேக்கையும் கிளட்சையும் சேர்த்து மிதிப்பது கையோடு ஒட்டிய பழக்கம். உங்களுக்கும் இருக்கும். அதைத்தான் முதலில் மறக்க வேண்டும். இன்னொன்று: ஈர மண்ணில் சக்கரம் சுற்றாமல் வழுக்கிக்கொண்டு போனால், பிரேக்கை நினைக்காமல் ஆக்சிலரேட்டரை ஒரு துளி கொடுக்க வேண்டும். சக்கரம் தரையின் வேகத்துக்குச் சுற்ற ஆரம்பித்ததும் ஸ்டீயரிங் மறுபடி பேச்சைக் கேட்கும். உடம்பே மறுக்கும் செயல் இது. சொல்லிக்கொடுத்தால் மட்டும் வராது, செய்து செய்துதான் வரும்.

ஆட்டோமேட்டிக்கில் அந்தப் பிடி தளர்வாக இருக்கும். சக்கரம் இன்ஜினைத் தள்ளும்போது கன்வெர்ட்டரில் ஆயில் நழுவும். லோ ரேஞ்ச் முதல் கியரைக் கையால் தேர்ந்தெடுத்துப் பூட்டி வைத்தாலும் வண்டி மெல்ல மெல்ல வேகம் பிடிக்கும். டியிலேயே விட்டுவிட்டால் நடு இறக்கத்தில் அது தானாக இரண்டாவது கியருக்குப் போய்விடக்கூடும். புதியவர்கள் பயந்துபோவது பெரும்பாலும் அந்தக் கணத்தில்தான். அதனால் இடது காலையோ வலது காலையோ பிரேக்கில் லேசாக வைத்து, சக்கரம் பூட்டாத அளவுக்கு அழுத்தியபடி இறங்க வேண்டும். இந்தக் குறையைச் சரிக்கட்ட உதவுவது ஹில் டிசென்ட் கன்ட்ரோல். 1997-இல் லேண்ட் ரோவர் தன் ஃப்ரீலேண்டரில் அதைக் கொண்டுவந்தது. அந்த வண்டியில் லோ ரேஞ்ச் இல்லாததுதான் காரணம். அது ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்து விட்டு வேகத்தைக் காக்கும். நன்றாகவே வேலை செய்கிறது. நீளமான இறக்கத்தில் மட்டும், உழைப்பது பிரேக்தான் என்பதை மறக்காமல் நடுவே நிறுத்தி ஆறவிட வேண்டும். புதிய எட்டு, பத்து கியர் பெட்டிகளில் முதல் கியரின் பெருக்கம் அதிகமாக இருப்பதாலும், சிலவற்றில் கீழ்க் கியர்களிலேயே கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்வதாலும் இந்த வித்தியாசம் குறைந்துகொண்டு வருகிறது. ஆனால் வண்டிக்கு வண்டி மாறும். நீங்கள் வாங்கப்போகும் வண்டியை ஓட்டிப் பார்த்தால் ஒழிய யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பாறையில் ஆட்டோமேட்டிக் ஓட்டுபவருக்கு ஒரு வித்தை கைவசம் உண்டு. வலது காலால் ஆக்சிலரேட்டர், இடது காலால் பிரேக், இரண்டையும் ஒரே நேரத்தில். பிரேக்கைப் பிடித்தபடி டார்க்கைக் கூட்டி, சக்கரம் கல்லின் மேல் ஏறும் கணத்தில் பிரேக்கைத் தளர்த்தி, உச்சியைத் தாண்டியதும் மறுபடி பிடித்தால், வண்டி கல்லிலிருந்து தொப்பென்று விழாமல் பஞ்சு போல இறங்கும். கீழ்ப்பாகம் அடி வாங்காது. பாறைப் போட்டிகளில் பெரிய வண்டிகள் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக்காக இருப்பதற்கு இந்த நயமும் ஒரு காரணம். மேனுவலில் பாறையைக் கடப்பவர் கிளட்சைத் தொடாமல் ஐடிலிலேயே விட்டு, தேவைப்பட்டால் இடது காலால் பிரேக்கைத் தொட்டு ஓட்ட வேண்டும். டீசல் இன்ஜினில் அது சுகமாக வரும். சிறிய டர்போ பெட்ரோல் இன்ஜினில் கீழ்ச் சுற்றில் பலம் இருக்காது, ஆஃப் ஆகிக்கொண்டே இருக்கும். அந்த மாதிரி இன்ஜின் என்றால் என் யோசனை தயங்காமல் ஆட்டோமேட்டிக்.

மணலில் முதலில் டயர் காற்று. 15 முதல் 18 பிஎஸ்ஐ வரை இறக்காமல் மணலில் இறங்கியவருக்கு எந்தக் கியர்பெட்டியும் உதவாது. காற்றை இறக்கிய பிறகுதான் மற்ற பேச்சு. மென்மணலில் மேனுவலின் சிக்கல், கியர் மாற்றக் கிளட்சை மிதிக்கும் அந்த அரை நொடியில் மணல் வண்டியைப் பிடித்து நிறுத்திவிடும். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றி முடிப்பதற்குள் மூன்றாவதுக்குத் தேவையான வேகம் போயிருக்கும். அதனால் மேனுவல்காரர் முன்கூட்டியே சரியான கியரைத் தேர்ந்தெடுத்து அதிலேயே போக வேண்டும். ஆட்டோமேட்டிக் இழுப்பை விடாமல் கியரை மாற்றும், இங்கே அது தெளிவாக மேல். ஆனால் அதைத் தன் இஷ்டத்துக்கு விட்டால் மேலே மேலே கியர் மாற்றி இன்ஜினைத் திணறவைக்கும், அதனால் கையால் மாற்றும் நிலையில் வைத்துக்கொள்வது நல்லது. சேற்றிலும் இதே கதைதான். சக்கரம் சும்மா சுற்றுவதை வேகம் என்று நினைத்து ஆட்டோமேட்டிக் மேல் கியருக்குப் போய்விடும். புதைந்த வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி எடுக்கும்போது டியும் ஆரும் மாற்றி மாற்றிப் போட்டால் பெட்டி வேகமாகச் சூடேறும். மூன்று நான்கு முறை முயன்று வரவில்லை என்றால் மண்வெட்டியை எடுங்கள்.

தண்ணீரில் மேனுவல்காரருக்கு ஒரே விதி: உள்ளே போன பிறகு கிளட்சைத் தொடாதே. கிளட்ச் உட்கார்ந்திருக்கும் கூடான பெல் ஹவுசிங்கில் தண்ணீர் இருக்கும்போது கிளட்சை விலக்கினால் பிளேட் நனைந்து நழுவ ஆரம்பிக்கும். பழைய லேண்ட் ரோவர்களில் ஆழமான ஓடையில் இறங்குவதற்கு முன் ஹவுசிங்கின் துளையை அடைக்கத் தனியாக ஒரு திருகே கொடுத்திருந்தார்கள். ஆட்டோமேட்டிக்கில் அந்தக் கவலை இல்லை, சீரான வேகத்தில் போய்விடலாம். பதிலுக்கு, சூடான பெட்டி குளிர்ந்த நீரில் இறங்கும்போது சுவாசக்குழாய் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொண்டால், ஆட்டோமேட்டிக்கின் உள்ளே இருக்கும் உராய்வுத் தகடுகளுக்கு அது விஷம். ஆயில் பால் நிறமாகத் தெரிந்தால் அந்த வண்டியை ஓட்டாமல் ஆயிலை மாற்றுவதுதான் வழி.

சூட்டைப் பற்றி, இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு என்பதால் சொல்கிறேன். கிளட்ச் வாசனை வந்தால் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, பெடலிலிருந்து காலை எடுத்து, இன்ஜினை ஓடவிட்டு ஆறவிட வேண்டும். சுற்றிக்கொண்டிருந்தால்தான் காற்றுப் படும். ஆட்டோமேட்டிக் சூடானாலும் இன்ஜினை உடனே அணைக்கக் கூடாது. பி அல்லது என்னில் வைத்து ஐடிலைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓடவிட்டால், பம்ப் ஆயிலைக் கூலர் வழியே சுற்றவைத்துக் குளிர்விக்கும். கியர்பெட்டி ஆயிலின் வெப்பநிலையைக் காட்டும் வசதி இருந்தால் 120 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாதீர்கள். அதற்கு மேல் ஆயிலின் ஆயுள் மளமளவென்று குறையும். கடுமையாக ஓட்டினால் நிறுவனம் சொல்லும் கிலோமீட்டருக்கு முன்பே ஆயில் மாற்றுவது என் வழக்கம், என்னிடம் கற்றுக்கொள்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

எது அதிக நாள் உழைக்கும் என்று கேட்டால், என்னால் ஒரு பக்கம் சாய முடியவில்லை. கிளட்ச் தேய்வதும் ஆட்டோமேட்டிக் பழுதாவதும் ஓட்டுபவரைப் பொறுத்து அவ்வளவு மாறுகிறது. ஆனால் பழுது ஆள் அரவமற்ற இடத்தில் வந்தால் மேனுவலுக்கு ஒரு ஆதாயம் உறுதியாக உண்டு. பேட்டரி செத்தால் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். கிளட்ச் வேலை செய்யாவிட்டாலும், கியரில் போட்டு ஸ்டார்ட்டரால் நகர்த்தி, சுற்று பார்த்துக் கியர் மாற்றி ஊர் வந்து சேர்ந்தவர்களை எனக்குத் தெரியும். ஆட்டோமேட்டிக்கில் உள்ளே ஒன்று போய்விட்டால் பாதையோரத்தில் செய்ய எதுவும் இல்லை. தனியாக, உதவி கிடைக்காத இடங்களுக்குப் பல நாள் பயணம் போவதுதான் உங்கள் திட்டம் என்றால் நான் மேனுவல் பக்கம் சாய்வேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் வார இறுதியில், இன்னும் இரண்டு மூன்று வண்டிகளோடு போவீர்கள் என்று தோன்றுகிறது. அப்படியானால் இந்த ஆதாயம் பெரிதாக எடை போடாது.

உங்கள் நிலைமையில் நான் டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கை எடுப்பேன். லோ ரேஞ்ச் கட்டாயம். கியரைக் கையால் பூட்டி வைக்கும் வசதி கட்டாயம், சில வண்டிகளில் கையால் தேர்ந்தெடுத்தாலும் கம்ப்யூட்டர் மீறி மாற்றிவிடும், அதை ஓட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள். இதற்கு முக்கியக் காரணம் உங்கள் மனைவிதான். நீங்கள் கல்லில் கால் இடறிக் கணுக்கால் பிசகினாலோ, காய்ச்சலில் படுத்தாலோ, அந்த வண்டியை அந்தப் பாதையில் திருப்பி ஓட்டிக்கொண்டு வர வேண்டியவர் அவர். இரண்டு பேரும் பதற்றமில்லாமல் ஓட்டக்கூடிய வண்டி, ஒருவர் மட்டும் திறமையாக ஓட்டக்கூடிய வண்டியைவிடப் பாதுகாப்பானது என்பதை இத்தனை வருடத்தில் நிறையப் பார்த்துவிட்டேன்.

வாங்கியதும் ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். சரிவில் நிறுத்தும்போது பியை மட்டும் நம்ப வேண்டாம். முதலில் கால் பிரேக், பிறகு என், பிறகு ஹேண்ட்பிரேக், கால் பிரேக்கை விட்டு வண்டியின் எடை ஹேண்ட்பிரேக்கில் உட்கார்ந்த பிறகு பி. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் லிவர் பியில் இருந்தாலும் வண்டி உருளும். லோ ரேஞ்ச் போடும்போது பாதியில் நின்றுபோய் அப்படி ஆவதுண்டு, அதனால் வண்டியை விட்டு இறங்குமுன் டிரான்ஸ்ஃபர் கேஸின் நிலையைக் காட்டும் விளக்கைப் பாருங்கள். முதல் வாரம் எங்கும் தூரமாகப் போக வேண்டாம். பக்கத்தில் ஆபத்தில்லாத, இரு பக்கமும் பள்ளமில்லாத ஒரு மேட்டைக் கண்டுபிடித்து, ஒருவர் வெளியே நின்று பார்க்க, மற்றவர் பாதி வரை ஏறி வேண்டுமென்றே நிறுத்தி, ஆருக்கு மாற்றி, கண்ணாடியைப் பார்த்து நேராக இறங்கி வரட்டும். பிறகு மேலே போய் முதல் கியரைப் பூட்டி இறங்கிப் பாருங்கள், வண்டி எவ்வளவு வேகம் பிடிக்கிறது என்று கால் கற்றுக்கொள்ளும். ஆளுக்கு இருபது முறையாவது செய்யுங்கள். உங்கள் மனைவியும் அதே நாளில், அதே மேட்டில் செய்யட்டும்.